சக்கரங்களின் மேல் ஒரு வீடு: அதற்கு மின்சாரம் எங்கிருந்து?

மாணவர்களே, உங்கள் நிலப்படத்தை விரித்து ஆஸ்திரேலியாவின் தென்கரையைப் பாருங்கள். மேற்கே நார்ஸ்மன் என்ற ஊர்; கிழக்கே போர்ட் அகஸ்டா. இவ்விரண்டையும் இணைக்கும் அய்ர் நெடுஞ்சாலையின் நீளம் 1600 கிலோமீட்டருக்கும் மேல். இது நல்லர்பார் என்னும் சமவெளியை ஒட்டிச் செல்கிறது. 'மரம் ஒன்றுமில்லை' என்று பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து பிறந்த பெயர் இது. இச்சாலையில் பாலடோனியா என்ற தங்குமிடத்தை விட்டுக் கிளம்பினால் அடுத்த தங்குமிடமான கைகூனாவை அடைய ஏறத்தாழ 180 கிலோமீட்டர் செல்ல வேண்டும். இடையில் 146.6 கிலோமீட்டர் தூரத்துக்குச் சாலையில் ஒரு வளைவுகூடக் கிடையாது!

இந்த வழியில் 'கேம்பர் வேன்' எனப்படும் வீட்டு வண்டிகள் நிறையச் செல்கின்றன. வேனுக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சிறிய குளிர்சாதனப் பெட்டி எல்லாம் உண்டு. பணி ஓய்வு பெற்றபின் மாதக்கணக்கில் இப்படிச் சுற்றுபவர்களை, அவர்களுடைய நரைத்த தலையை வைத்து, 'சாம்பல் நாடோடிகள்' என்று அந்நாட்டார் வேடிக்கையாக அழைப்பதுண்டு.

இரவில் சாலையோரம் வண்டியை நிறுத்துகிறார்கள். என்ஜின் ஓடவில்லை, அருகில் மின்கம்பமும் இல்லை. ஆனால் குளிர்சாதனப் பெட்டி இரவு முழுவதும் ஓடவேண்டும். விளக்கு எரியவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காலையில் என்ஜின் கிளம்பியாக வேண்டும். கிளம்பாவிட்டால் உதவிக்கு ஆள் வர 100 கிலோமீட்டர் ஆகலாம்; வழியில் பல இடங்களில் கைபேசிக்கு அலையும் கிடைக்காது. ஆகவே பாட்டரியைத் தேர்ந்தெடுப்பது அங்கே விளையாட்டான காரியமன்று.

அதை எப்படித் தேர்ந்தெடுப்பது? அதற்கு வேண்டிய இயற்பியலை நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள். ஓம் விதி, 'திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்' என்ற சமன்பாடு, கொஞ்சம் பெருக்கல் வகுத்தல் ஆகியவை போதும்.

ஒரு பாட்டரி போதாதா?

எல்லா மோட்டார் வண்டிகளிலும் என்ஜினைக் கிளப்புவதற்கு ஒரு பாட்டரி இருக்கிறது. அதையே குளிர்சாதனப் பெட்டிக்கும் இணைத்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். ஒரு சிறு கணக்கைப் பாருங்கள்.

என்ஜினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டார் சுமார் 200 ஆம்பியர் மின்னோட்டத்தை 3 விநாடிகளுக்கு எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். வெளியேறும் மின்னூட்டம் 200 × 3 = 600 கூலும். ஓர் ஆம்பியர்-மணி என்பது 3600 கூலும். ஆகவே என்ஜினைக் கிளப்ப ஆகும் செலவு ஓர் ஆம்பியர்-மணியில் ஆறில் ஒரு பங்குதான்! மின்னோட்டம் மிகப் பெரிது. ஆனால் மொத்தச் செலவு மிகச் சிறிது.

குளிர்சாதனப் பெட்டியின் குணம் இதற்கு நேர்மாறானது. அது எடுக்கும் மின்னோட்டம் 4 ஆம்பியருக்கும் குறைவு. ஆனால் இரவும் பகலும் விட்டுவிட்டு ஓடி, ஒரு நாளில் 30 ஆம்பியர்-மணி வரை உறிஞ்சிவிடும்.

இவ்விரு வேலைகளுக்கும் பாட்டரியின் அமைப்பே வேறுபடுகிறது. 1859-இல் பிரெஞ்சு நாட்டு இயற்பியலார் காஸ்டன் பிளாந்தே உருவாக்கிய ஈய-அமிலக் கலமே இரண்டுக்கும் மூலம். நேர்மின் தகட்டில் ஈய டை-ஆக்சைடு, எதிர்மின் தகட்டில் ஈயம், இடையில் நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் வெளியேறும்போது இரு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. மின்னேற்றம் செய்தால் அது மீண்டும் ஈயமாகவும் ஈய டை-ஆக்சைடாகவும் மாறுகிறது.

என்ஜின் பாட்டரியில் பெரிய மின்னோட்டம் வேண்டும் என்பதற்காக மெல்லிய தகடுகளை நெருக்கமாக அடுக்கியிருப்பார்கள். பரப்பு மிகுந்தால் மின்னோட்டமும் மிகும். ஆனால் இந்த மெல்லிய தகடுகளை அடிக்கடி ஆழமாக மின்னிறக்கம் செய்தால் அவற்றிலுள்ள பொருள் உதிரத் தொடங்கும். நீண்ட நேரம் சிறிய மின்னோட்டம் தரவேண்டிய துணை பாட்டரியிலோ தடித்த தகடுகள் இருக்கும். ஓட்டப்பந்தய வீரரையும் மூட்டை சுமப்பவரையும் போல, இருவரும் வலியவர்களே; ஆனால் ஒருவர் வேலை மற்றவருக்கு ஆகாது.

எனவே முதல் விதி இது: வீட்டுச் செலவுக்குத் தனிப் பாட்டரி, என்ஜின் பாட்டரியை இரவில் எதற்கும் தொடக்கூடாது.

முதலில் செலவுக் கணக்கு

கடைக்குச் சென்று 'பெரிய பாட்டரி ஒன்று கொடுங்கள்' என்று கேட்பது தவறான வழி. ஒரு நாளின் மின்செலவை முதலில் எழுதவேண்டும். இருவர் பயணம் செய்யும் ஒரு வேனை எடுத்துக்கொள்வோம். எல்லாக் கருவிகளும் 12 வோல்ட்டில் இயங்குபவை.

குளிர்சாதனப் பெட்டி: 45 வாட்; நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8 மணி ஓடும் – 360 வாட்-மணி
எல்.இ.டி. விளக்குகள்: 2 × 6 வாட் × 4 மணி – 48 வாட்-மணி
தண்ணீர்ப் பம்பு: 48 வாட் × கால் மணி – 12 வாட்-மணி
சிறு மின்விசிறி: 6 வாட் × 5 மணி – 30 வாட்-மணி
இரு கைபேசிகள்: 2 × 15 – 30 வாட்-மணி
மொத்தம் – 480 வாட்-மணி

இதை 12 வோல்ட்டால் வகுத்தால் 40 ஆம்பியர்-மணி. இதுவே ஒரு நாள் செலவு.

மின் கெண்டி ஒன்றை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியசுக்குக் கொண்டுவர 4200 × 80 = 3,36,000 ஜூல் வேண்டும். இது ஏறக்குறைய 93 வாட்-மணி. குளிர்சாதனப் பெட்டியை 6 மணி நேரம் வைத்திருக்கப் போதுமான ஆற்றல் ஒரு தடவை தேநீருக்கே போய்விடும்! அதோடு, 2000 வாட் கெண்டியை இன்வெர்ட்டர் மூலம் இயக்கினால் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 167 ஆம்பியருக்கும் மேல் பாயும். ஆகவே வெப்பம் தரும் வேலைகளை எரிவாயு அடுப்பிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை.

எவ்வளவு பெரிய பாட்டரி?

இரண்டு நாள் வானம் மூடியிருந்தாலும் சமாளிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தேவை 80 ஆம்பியர்-மணி. அப்படியானால் 80 ஆம்பியர்-மணி பாட்டரி வாங்கினால் போதுமா? போதாது.

ஈய-அமில பாட்டரியை அடிமட்டம் வரை காலி செய்தால் அதன் ஆயுள் விரைவில் குறைந்துவிடும். பாதிக்குமேல் எடுக்காமலிருப்பது நல்ல வழக்கம். ஆகவே 80 கிடைக்க 160 ஆம்பியர்-மணி பாட்டரி வேண்டும். இன்னொரு நிபந்தனையும் உண்டு. அதை அடிக்கடி முழுமையாக மின்னேற்றம் செய்யவேண்டும். அரைகுறையாகவே வைத்திருந்தால் ஈய சல்பேட் கெட்டியான படிகங்களாக இறுகிவிடும். பிறகு அது திரும்பக் கரையாது.

பாட்டரியின் மேல் எழுதியிருக்கும் எண்ணையும் சரியாகப் படிக்கவேண்டும். '100 ஆம்பியர்-மணி' என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் கிடைக்கும் என்று பொருள். 50 ஆம்பியர் எடுத்தால் 2 மணி நேரம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஈய-அமில வகையில் ஒன்றேகால் மணி அளவிலேயே தீர்ந்துவிடும். வேகமாக எடுத்தால் கிடைப்பது குறையும் என்ற இந்த உண்மையை 1897-இல் ஜெர்மானியரான பாய்க்கர்ட் ஒரு சமன்பாடாக எழுதினார்.

ஈயமா, லித்தியமா?

இன்று வீட்டு வண்டிகளில் இடம்பிடித்து வருவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி. ஜான் குட்இனஃபும் அவரது குழுவினரும் 1997-இல் இந்தப் பொருளின் பயனை விளக்கினார்கள். லித்தியம்-அயனி பாட்டரிகளுக்காக 2019-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 97!

இவ்வகையில் 80 விழுக்காடு வரை தயங்காமல் எடுக்கலாம். நமக்கு வேண்டியது 80 ஆம்பியர்-மணி. ஆகவே 100 ஆம்பியர்-மணி பாட்டரி போதும். எடை சுமார் 12 கிலோ. அதே வேலைக்கு ஈய-அமிலம் 50 கிலோவை நெருங்கும். ஈய-அமிலம் சில நூறு ஆழ்ந்த மின்னிறக்கங்களைத் தாங்கினால், இது 2000-க்கும் மேல் தாங்கும். விலை கூடுதல்தான், ஆனால் உழைக்கும் ஆண்டுகளைக் கொண்டு வகுத்துப் பார்த்தால் பல சமயம் இதுவே மலிவாக முடியும்.

குறையே இல்லையா? உண்டு. உறைநிலைக்குக் கீழே, அதாவது 0 டிகிரி செல்சியசுக்குக் குறைவான வெப்பநிலையில், இதை மின்னேற்றம் செய்யக்கூடாது. செய்தால் லித்தியம் அயனிகள் எதிர்மின் முனைக்குள் நுழைய முடியாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்து பாட்டரியைக் கெடுத்துவிடும். நல்லர்பாரில் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இறங்குவதுண்டு. எனவே குளிரில் மின்னேற்றத்தைத் தானே நிறுத்தும் மின்னணுக் காவல் பாட்டரிக்குள் இருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். என்ஜின் அருகே உள்ள கடும் வெப்பமும் ஆகாது. வேனுக்குள், மனிதர் தங்கும் இடமே இதற்கும் ஏற்ற இடம்.

ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் பயணம் செய்பவருக்கு ஈய-அமிலமே போதும். மாதக்கணக்கில் வண்டியில் வாழ்பவருக்கு லித்தியம் ஏற்றது. எது 'சிறந்தது' என்பதைப் பயனே முடிவு செய்கிறது.

வரவுக் கணக்கு

'சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்' என்பது பழமொழி. பாட்டரி மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. வைத்திருந்து தருகிறது, அவ்வளவுதான். எவ்வளவு பெரிய பாட்டரியானாலும் வரவு இல்லாவிட்டால் காலியாகிவிடும்.

வேனின் கூரையில் 200 வாட் சூரிய மின்பலகை ஒன்றைப் பொருத்துவோம். 200 வாட் என்பது சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயில் செங்குத்தாக விழும்போது, மின்கலம் 25 டிகிரியில் இருக்கும்போது கிடைக்கும் அளவு. காலை வெயிலும் மாலை வெயிலும் அவ்வளவு வலிமையாக இரா. ஒரு நாள் முழுதும் விழுந்த வெயிலை 'இத்தனை மணி முழு வெயிலுக்குச் சமம்' என்று கணக்கிடுவார்கள். நல்லர்பார் பகுதியில் கோடையில் இது 6 மணிக்குக் குறையாது. குளிர்காலத்தில் 3 மணிக்கு அருகில். சூடு, தூசி, கம்பி இழப்பு இவற்றுக்காக 0.7-ஆல் பெருக்குவோம்.

கோடை: 200 × 6 × 0.7 = 840 வாட்-மணி
குளிர்காலம்: 200 × 3 × 0.7 = 420 வாட்-மணி

நம் செலவு 480. கோடையில் மிச்சம் 360. குளிர்காலத்திலோ ஒவ்வொரு நாளும் 60 வாட்-மணி பற்றாக்குறை. அதாவது நாளொன்றுக்கு 5 ஆம்பியர்-மணி கடன். ஆகவே ஜனவரிக் கணக்கை நம்பி ஜூன் மாதம் பயணம் போகக்கூடாது. அங்கே ஜூன் குளிர்காலம் என்பதை மறவாதீர்கள்!

சூட்டினால் இழப்பா என்று வியக்காதீர்கள். சிலிகான் மின்கலம் சூடேறினால் அதன் மின்னழுத்தம் குறைகிறது. ஒவ்வொரு டிகிரிக்கும் திறனில் சுமார் 0.4 விழுக்காடு போகும். கூரையில் மின்கலம் 65 டிகிரிக்கு வந்தால் 40 × 0.4 = 16 விழுக்காடு இழப்பு. 2019 டிசம்பர் 19 அன்று நல்லர்பாரில் நிழலிலேயே 49.9 டிகிரி பதிவாயிற்று. வெயிலில் கிடந்த பலகையின் சூட்டை நீங்களே எண்ணிப் பாருங்கள். பலகைக்கும் கூரைக்கும் இடையே காற்றோட இடைவெளி விடுவது இதனால்தான்.

சாய்வும் முக்கியம். இந்த இடத்தின் அட்சரேகை ஏறத்தாழ தெற்கு 32 டிகிரி. ஜூன் மாத நண்பகலில் சூரியன் வடவானில் 35 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். படுக்கையாகக் கிடக்கும் பலகைமேல் விழும் நேர்க்கதிர் சைன் 35 டிகிரி, அதாவது 0.57 பங்குதான். பலகையை வடக்கு நோக்கிச் சாய்த்தால் முழுப் பங்கும் கிடைக்கும்.

நிழலோ பெரும் பகை. பலகையிலுள்ள மின்கலங்கள் தொடரிணைப்பில் உள்ளன. தொடரிணைப்பில் எல்லாக் கலங்களிலும் ஒரே மின்னோட்டம் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? ஒரு கலத்தின்மேல் நிழல் விழுந்தால் அது மற்றவற்றின் மின்னோட்டத்தையும் தடுக்கும், தானும் சூடேறும். இதைத் தவிர்க்க, நிழல்பட்ட பகுதியைச் சுற்றி மின்னோட்டம் செல்ல டையோடுகளை வைத்திருக்கிறார்கள். அப்போதும் ஒரு மரக்கிளையின் நிழல் திறனில் மூன்றில் ஒரு பங்கையோ பாதியையோ பறித்துவிடும். அதனால்தான் சிலர் வண்டியை மரநிழலில் நிறுத்தி, மடக்குப் பலகை ஒன்றை நீண்ட கம்பியோடு வெயிலில் விரித்து வைக்கிறார்கள்.

இடையில் ஒரு கணக்கப்பிள்ளை

பலகையை நேரே பாட்டரியுடன் இணைக்கக்கூடாது. பாட்டரி நிறைந்தபின்னும் மின்னோட்டம் பாய்ந்துகொண்டே இருக்கும். எனவே மின்னேற்றக் கட்டுப்படுத்தி வேண்டும். நமது பலகை 20 வோல்ட், 10 ஆம்பியர் தருவதாகக் கொள்வோம். பாட்டரி 13 வோல்ட்டில் இருக்கிறது. எளிய வகைக் கட்டுப்படுத்தி பலகையையும் 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடும். கிடைப்பது 13 × 10 = 130 வாட். 'எம்.பி.பி.டி.' எனப்படும் வகை பலகையை 20 வோல்ட்டிலேயே வைத்து, 200 வாட்டையும் வாங்கி, 13 வோல்ட், சுமார் 15 ஆம்பியராக மாற்றித் தரும். ஆற்றல் அழியாது என்ற விதியே இங்கு வேலை செய்கிறது.

வண்டி ஓடும்போது என்ஜினின் ஆல்டர்னேட்டரிலிருந்தும் மின்னேற்றலாம். ஆனால் கம்பியைக் கவனியுங்கள். போகவர 10 மீட்டர் நீளமும் 4 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டும் உள்ள செப்புக் கம்பியின் மின்தடை 0.043 ஓம். 20 ஆம்பியர் பாய்ந்தால் இழப்பு 0.86 வோல்ட். 14.2 வோல்ட்டில் கிளம்பிய மின்சாரம் 13.3 வோல்ட்டாகப் போய்ச் சேரும். அதைக்கொண்டு ஈய-அமில பாட்டரி முழுமையாக நிறையாது. 16 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு 0.2 வோல்ட் அளவே. தவிர, இக்கால வண்டிகள் பலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தை வண்டியே குறைத்துக்கொள்கிறது. ஆகவே மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் நேர்மின் மாற்றி ஒன்றை இடையில் வைக்கிறார்கள். என்ஜின் நின்றதும் அது இரு பாட்டரிகளையும் பிரித்துவிடும்படி இணைப்பார்கள். என்ஜின் பாட்டரி பத்திரமாக இருக்கும். அது 20 ஆம்பியர் தருமானால், நம் குளிர்காலக் கடனான 5 ஆம்பியர்-மணியை அடைக்கக் கால் மணி ஓட்டம் போதும்!

ஓர் எச்சரிக்கை

12 வோல்ட் தொட்டால் 'ஷாக்' அடிக்காது என்று அலட்சியம் கூடாது. பாட்டரியின் உள்மின்தடை 0.01 ஓம் என்றால், இரு முனைகளும் தவறிச் சேரும்போது 12 ÷ 0.01 = 1200 ஆம்பியர் பாயலாம். கம்பி பழுத்துத் தீப்பிடிக்கும். ஆகவே பாட்டரியின் நேர்முனைக்கு மிக அருகிலேயே, கம்பி தாங்கும் அளவுக்குள் ஓர் உருகி இருக்கவேண்டும். ஈய-அமில பாட்டரி மின்னேறும்போது ஹைட்ரஜன் வெளிவரலாம். அது இருக்கும் பெட்டிக்குக் காற்றோட்டம் தேவை.

விண்வெளியிலும் இதே கணக்கு

1973 மே 14 அன்று அமெரிக்கா ஏவிய ஸ்கைலாப் விண்வெளி நிலையம் மேலே செல்லும்போது, அதன் இரு பெரிய சூரியச் சிறகுகளில் ஒன்று பிய்ந்து போயிற்று; மற்றொன்று விரியாமல் சிக்கிக்கொண்டது. வரவு குறைந்ததால் செலவைச் சுருக்க வேண்டியதாயிற்று. ஜூன் மாதம் வீரர்கள் வெளியே சென்று சிக்கிய சிறகை விடுவித்த பின்னரே நிலைமை சீரடைந்தது. அந்த ஸ்கைலாபின் சிதறல்கள் 1979 ஜூலையில் விழுந்த இடம் எது தெரியுமா? நாம் புறப்பட்ட அதே பாலடோனியாவைச் சுற்றிய வட்டாரமும் அதில் அடங்கும்! விண்வெளி நிலையமானாலும் வீட்டு வண்டியானாலும், செலவை எழுதி, மோசமான நாளின் வரவை எழுதி, இரண்டையும் ஒப்பிட்ட பிறகே பாட்டரியைத் தேடவேண்டும்.

நீங்களே கணக்கிடுங்கள்

கடுங்கோடையில் குளிர்சாதனப் பெட்டி நேரத்தில் பாதி ஓடுகிறது. மற்றச் செலவுகளில் மாற்றமில்லை. (1) ஒரு நாள் செலவு எத்தனை ஆம்பியர்-மணி? (2) 200 வாட் பலகை போதுமா? (3) இரண்டு நாள் வெயிலின்றிச் சமாளிக்க எவ்வளவு பெரிய லித்தியம் பாட்டரி வேண்டும்?

விடை: (1) 660 வாட்-மணி, அதாவது 55 ஆம்பியர்-மணி. (2) போதும்; கோடை வரவு 840 வாட்-மணி. (3) 110 ÷ 0.8 = 137.5; ஆகவே 150 ஆம்பியர்-மணி பாட்டரி.